ஸ்காலர்ஷிப் என்று சொல்லி நீட்டிய கடன்

போன வருஷம் ஜூன் மாதம் பாறசாலையில் நடந்தது இது. பிளஸ் டூ முடித்த என் மகள், நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கணவர் இல்லாத எனக்குக் குளத்தூர் மருந்துக்கடையில் வேலை. அந்த நேரம் பார்த்து, பெங்களூரு கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "முழு ஸ்காலர்ஷிப் உண்டு, நீங்க ஒண்ணும் கட்டண்டாம்" என்று சொல்லி, மகளின் அசல் சான்றிதழ்களையும் வாங்கிப்போனார். சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் மகளோடு போய் அவர் ஆபீசில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, அவரோடு சண்டை போட ஒரு பெண் வந்தாள். என் கையில் பேனாவைக் கண்டதும் பாய்ந்து பிடித்தாள்.

"அக்கா, ஒப்பு போடாதீங்கோ! எனக்க மவளையும் ஸ்காலர்ஷிப்புன்னு சொல்லித்தான் இவன் சேத்தான். அது லோன் ஆக்கும்! பேங்குல இருந்து ஆளு வருது. பிள்ள படிப்ப விட்டுட்டு வீட்டுல இருக்கா!"

என் மகள் ஏஜென்டைப் பார்த்து, "அப்போ இத திருப்பிக் கட்டணுமா?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போய் நீதானே கட்டப்போற? அம்மைக்கு என்ன நஷ்டம்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் என் உடம்பெல்லாம் எரிந்தது. சான்றிதழைக் கேட்டால், சீட்டை ரத்து செய்யப் பணம் கட்டு என்றார். வாசலில் போய் நின்று கத்தினேன். வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடியதும் சான்றிதழ்களை மேஜையில் விட்டெறிந்தார்.

விசாரித்தபோதுதான் விவரம் புரிந்தது. உதவித்தொகையைத் திருப்பித் தரவேண்டாம், கட்டணச் சலுகை ஃபீஸைக் குறைக்கும், கடனை வட்டியோடு அடைக்கணும். கடன் வாங்கிப் படிப்பது தப்பில்லை. கடன் என்று சொல்லித் தரணும். மகள் இப்போது அரசுக் கல்லூரியில், உதவித்தொகையில் படிக்கிறாள்.

நானும் அந்தப் பெண்ணும் போலீசில் புகார் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆள் நெய்யாற்றின்கரையில் புதிய ஆபீஸ் திறந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் மகள் இப்போது துணிக்கடையில் வேலைக்கு நின்று கடனை அடைக்கிறாள்.

என் மகள் யூனிபார்ம் போட்டுக் கிளம்பும்போதெல்லாம் சந்தோஷம் வருகிறது; தன் பிள்ளையின் படிப்பைப் பறிகொடுத்த ஒருத்திதான் இவள் படிப்பைக் காப்பாற்றித் தந்தாள் என்ற நினைப்பில், கூடவே கோபமும் வருகிறது.