திருநீறு பூசிய வதந்தி

இன்று தலவாக்கலைப் பேருந்தில், நம் கோயிலின் இந்த வாட்ஸ்அப் குழுவிலுள்ள ஒரு தாய் தம் மகளுடன் என்னருகே அமர்ந்தார். அக்குழந்தைக்கு வலிப்பு நோயோடு கவனக்குறைபாடும் உண்டு.

“ஐயா, கவனத்துக்குக் குடுக்குற மாத்திரையால வலிப்பு வரும்னு போட்டிருந்தீங்கள்ல? அது எதுன்னு தெரியாம ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டேங்க. நேத்து மறுபடி வலிப்பு வந்துருச்சு.”

யாரோ அனுப்பியதைச் சரிபார்க்காமல், இங்கே அன்றாடம் இடும் தேவாரப் பதிகத்தின் கீழ் ஒட்டியவன் நான்.

“டாக்டர்கிட்ட கேக்கலையாம்மா?”

“நீங்க போட்டது பொய்யா இருக்குமாங்க?”

வெட்கத்தோடு அவர்களுடன் மருத்துவமனைக்குச் சென்றேன்.

“வலிப்பு மாத்திரைய திடீர்னு நிறுத்துறது ஆபத்து. மத்ததுல சந்தேகம்னா எங்கிட்ட கேளுங்க. யாரும்மா நிறுத்தச் சொன்னது?” என்றார் மருத்துவர்.

“யாரோ தெரியாதவங்க, டாக்டர்,” என்றார் தாய், என்னைப் பாராமல்.

அந்தத் தெரியாதவன் நானே. நாளைய பதிகத்தையும் சரிபார்த்தே படியுங்கள்; பிழையிருந்தால் இங்கேயே கண்டியுங்கள்.