அண்ணன் போனில் பார்த்த தூரம்

ஓட்டல் சலவைப் பிரிவில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. மேசை விரிப்போ தலையணை உறையோ, எதைக் கொடுத்தாலும் கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தருவாள். முகம் சுளிக்க மாட்டாள். அந்தப் பொறுமையில் நன்றாகக் குளிர்காய்ந்தவன் அவளுடைய அண்ணன்.

அவன் வேறு ஊரில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். அம்மா அவன் வீட்டில் இருந்தாள். சமைப்பது, பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, துணி காயப்போடுவது எல்லாம் அம்மா. தாயை வைத்துக் காப்பாற்றுகிற பிள்ளை என்ற நல்ல பெயர் மட்டும் அவனுக்கு. அம்மா படுத்துவிட்டால்தான் தங்கை ஞாபகம் வரும்.

"பிளைட்ல ஒரு மணி நேரம்தானே? போன்ல பாத்துட்டேன். சட்டுனு ஏறி வா."

போனுக்கு என்ன, இந்த ஓடுபாதையிலிருந்து அந்த ஓடுபாதைக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டிவிடும். மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்குவது அந்தக் கோட்டில் வருமா? இரண்டு பஸ் மாறி விமான நிலையம் போவது, வரிசையில் நிற்பது, தாமதம் என்று அறிவித்ததும் அந்த இரும்பு நாற்காலியில் இடுப்பு ஒடிய உட்கார்ந்திருப்பது, எதுவும் வராது. இறங்கிய பிறகு அண்ணன் வீடு ஊரின் மறுகோடி. அவள் வருகிற நாளாகப் பார்த்துத்தான் அவன் கார் சர்வீசுக்குப் போகும். விடியும்போது கிளம்பியவள் இருட்டும்போது வாசலில் நிற்பாள். "இவ்வளவு நேரமா?" என்பான். வயிறு எரியாதா?

இந்த முறை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஓடி வந்தாள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். சும்மாதானே இருக்கிறாள் என்று வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றி அவளிடம் இஸ்திரிக்குப் போட்டாள் அண்ணி. அதையும் இவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் கட்டுப் பிரித்த மறுநாளே, கறுப்புக் கண்ணாடியோடு அம்மா அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் பிளைட்ல போகலாம்னுட்டாரு. அம்மாவும் வரேங்கறாங்க."

"விளையாடறியா? அவ்வளவு தூரம் எப்படி அனுப்பறது? ஏர்போர்ட் போய்ச் சேரவே பாதி நாள் ஆயிடும். அங்க வரிசையில நிக்கணும். பிளைட் லேட்டானா எங்க படுப்பாங்க? அந்தப் பக்கம் இறங்கினா ரெண்டு பஸ் வேற மாறணும்."

எல்லாம் தெரிந்திருக்கிறது பாவிக்கு! ஒரு பஸ்கூட விடாமல் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இத்தனை வருஷமும் அவளை இழுத்தடித்திருக்கிறான்.

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனாள். துணிப்பையோடு வெளியே வந்து, யாரையும் கேட்காமல் செருப்பை மாட்டினாள்.

"அம்மா, நீ போயிட்டா பசங்களை யார் பாத்துக்கறது?" என்று அண்ணன் பதறினான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னைப் பாக்கணும்னா நீ கிளம்பி வாடா" என்றாள் அம்மா. "ஒரு மணி நேரம்தானே."