அரைச் சாண் ஃபிலிம்

சின்னு, நீ போய் நாற்பது நாளாகியும் உன் கேமராவுக்குள்ளேயே இருந்த ரோலை இன்று அம்மாவே கழுவிவிட்டேன்டா.

"நக்கோம்மா, நீ பண்ண வேணாம், ஸ்டூடியோல குடுத்துடலாம்" என்றாள் உன் தங்கை.

"அவன் என்னைக்குடி வெளியில குடுத்தான்? டப்பாவைக் குலுக்கிக் குடுத்ததெல்லாம் நான்தானே" என்றேன்.

ஃபிலிம் கழுவ நீ வாங்கும் பவுடர் கோட்டி கடைத்தெருவில் கிடைக்கவில்லை. கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். "எத்தனை நிமிஷம் பாய்?" என்று கேட்டேன். "ஸ்லோ ஃபிலிமா? மாலும் நை அம்மா, தெரியாது. கொஞ்சம் கட் பண்ணி, போட்டுப் பாருங்க" என்றார். புது மருந்து என்றால் நீயும் அப்படித்தான் செய்வாய்.

பாத்ரூம் கதவிடுக்கில் துணியைச் செருகி, இருட்டில் தடவித் தடவி அரைச் சாண் வெட்டினேன். அதைப் பத்து நிமிஷம் ஊறவைத்தேன். படம் வெளுத்துப்போய் வந்தது. மீதியைப் பதினைந்து நிமிஷம் வைத்தேன். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ், துணி காயப்போடும் நான், எல்லாம் தெளிவாக வந்தன.

கொடியில் மாட்டும்போதுதான் ஓரத்தில் இருந்த நம்பர்களைப் பார்த்தேன். முதல் படங்களின் பக்கம் என்று நினைத்து, நீ கடைசியாக எடுத்த பக்கத்தை வெட்டியிருக்கிறேன்.

அந்தத் துண்டில் யாரோ நிற்பதுபோல ஒரு மங்கல் மட்டும் இருக்கிறது. உன் தங்கை, "அது கரண்ட் கம்பம்மா" என்கிறாள்.

அந்தத் துண்டைப் படம் பிடித்து இந்தப் போஸ்ட்டின் கீழே போட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் லைக் போட்டுவிட்டு ஓடாமல், என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

சின்னு, கடைசியாக யாரைடா நிற்கவைத்து எடுத்தாய்?