வசந்தா மேடம் மூடிய ஜாடி

வசந்தா மேடம் காலமான செய்தி வந்தபோது சித்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திருப்பதியில் எங்களோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். காயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் அதே குழுவில் இதை எழுதுகிறேன்.

கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. நகரியில் தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவர். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தமிழ், மூன்றாவது ஆள் வந்தால் தெலுங்கு. மாட்டின் ஈரலில் கட்டும் சீழ்தான் அவருடைய ஆராய்ச்சி. திருச்சானூர் கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சோற்றை மாட்டுக்கு ஏற்றிப் போகிறவர்களைக் கண்டால் ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிடுவார். "ஒரு வேளை வயிறு முட்டத் துன்னா போதும், உள்ள புளிச்சிப் புண்ணாவுது. அந்தப் புண்ணு வழியா கிருமி ரத்தத்துல ஏறி ஈரலுக்குப் பூடும்" என்பார். அந்தக் கிருமியின் நஞ்சு ரத்தத்தின் வெள்ளை அணுக்களைத்தான் முதலில் கொல்லும். "கெட்டிக்காரக் கிருமி சார். மொதல்ல வாட்ச்மேன அடிச்சிப் போட்டுட்டுத்தான் வூட்டுக்குள்ள பூருது" என்று அதை எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

பாகாலா பக்கத்தில் ஒருவருடைய இரண்டு பசுக்கள் அடுத்தடுத்துச் செத்தன. பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று மாட்டுக்காரர் அரிவாளைத் தூக்காத குறை. மேடம் போய் இரண்டாவது பசுவை அறுத்துப் பார்த்தார். ஈரல் முழுக்கச் சீழ். "பேப்பர்ல எழுதிக் குடுங்க மேடம், அப்பத்தான் நம்புவேன்" என்றார் மாட்டுக்காரர். எழுதித் தர வேண்டுமானால் கிருமியை உயிரோடு வளர்த்துக் காட்ட வேண்டும். காற்றுப் பட்டால் சாகிற கிருமி அது. கொண்டுவந்த சீழ் முழுவதையும் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தடவி, காற்று நீக்கிய ஜாடிக்குள் வைத்து மூடினார். மூன்று நாள் திறக்கக் கூடாது.

அதே ஜாடியில் என் தட்டு ஒன்றும் இருந்தது. மறுநாள் என் வேலை என்ன ஆயிற்று என்று மேலதிகாரி கேட்டார். மேடம் சாப்பிடப் போன நேரத்தில் ஜாடியைத் திறந்து, என் தட்டைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். தெரியாத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்கிற திமிர்.

மூன்றாம் நாள் தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி வளர்க்கச் சீழும் மிச்சமில்லை. காற்று புகுந்தால் காட்டிக்கொடுக்கும் காகிதத் துண்டும் நிறம் மாறியிருந்தது. மேடம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தான் சரியா மூடல போலக்குது சார்."

"இருக்கும் மேடம்" என்றேன்.

பாகாலாவுக்கு அவரே பஸ் ஏறிப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார், போனேன். "தப்பு என்னுதுங்க. ஆனா விஷம் இல்ல, நா கண்ணால பாத்தேன்" என்று மாட்டுக்காரரிடம் கைகூப்பினார். "பேப்பர் இல்லாம இன்னா பேச்சு?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் உள்ளே போய்விட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் மேடம் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தார். நான் அதையும் தின்றேன்.

பிறகு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னார். "நானே ஒரு தபா மூடிய ஒயுங்கா மூடாம ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்ல முடியாமப் பண்ணிட்டேன். நீங்க ரெண்டு தபா பாருங்க." பக்கத்து மேசையில் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

திருப்பதியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் உங்களில் மூன்று பேர் அதே கதையைச் சொன்னீர்கள். தன் தவறைத் தானே சொன்ன பெரிய மனுஷி என்று கண் கலங்கினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நான் தலையாட்டினேன்.

வசந்தா மேடம் அந்த ஜாடியைச் சரியாகத்தான் மூடியிருந்தார். அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, இத்தனை வருஷம் எனக்காக அவர் தெரியாமலே சுமந்த அந்தத் தப்பு ஒன்றுதான். இனி யாருக்காவது அந்தக் கதையைச் சொன்னால், என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.