அந்தோனியாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடு விற்கப் பார்த்தேன்

ஆண்டவரின் பிள்ளைகளே, எனக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம், தவக்காலம் தொடங்கியிருந்தது. என் கணவர் செபமாலைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு இரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எங்கள் ஊர் கற்பிட்டியிலிருந்து புத்தளம் போய், அங்கே பஸ் மாறி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அரை நாள். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். இந்தப் பயணத்தை இனி இவருடைய உடம்பு தாங்காது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடிவாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டை விற்றால்தான் அங்கே ஒரு வீடு வாங்கலாம். விற்காவிட்டால் அவரை இழப்பேன். அவர் இல்லாமல் எனக்கு உயிரே இல்லை.

நான் ஓரிடத்தில் இருக்கிற ஆள் இல்லை. அன்றைக்கே வேலையில் இறங்கினேன். முற்றத்தில் கிடந்த வலைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். முன்சுவர் எப்போதும் உப்புப் பூத்து உதிரும். அதைச் சுரண்டி, மேலே பளபளவென்று பெயின்ற் அடித்தேன். வாங்க வருகிறவர்கள் முஸ்லிம் ஆட்களாகத்தான் இருப்பார்கள் என்று மச்சாள் சொன்னாள். உடனே முன்னறை மாடத்திலிருந்த அந்தோனியார் சுரூபத்தைச் சேலையில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் வைத்தேன். கருவாட்டு மணம் போகச் சாம்பிராணி போட்டேன். கொஞ்சமாகப் போட்டால் அது நானா? முதலில் வந்த முதலாளி வாசலிலேயே நின்று, "இங்க யாரும் மவுத்தாகிட்டாங்களா?" என்று, சாவு வீடு என நினைத்துக் கேட்டார். அடுத்து வந்தவர் சுவரில் விரலால் தட்டினார். பெயின்ற் பப்படம் போலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே உப்பு. விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள், வரவே இல்லை.

பைத்தியம் பிடித்த மாதிரி வீட்டுக்குள் நடந்தேன். பிறகு முழங்காலில் விழுந்து அந்தோனியார் நவநாள் செபத்தை உரக்கச் சொல்லி அழுதேன். கட்டிலில் கிடந்த கணவர் தலையைத் தூக்கினார்.

"றீற்றா, அந்தோனியாரைப் பெட்டிக்குள்ள போட்டுட்டு ஆரிட்டக் கேக்கிறாய்?"

"வாற சனம் என்ன நினைக்கும் எண்டுதான்..."

"அவரையும் ஒளிச்சாய், சுவரையும் ஒளிச்சாய். ஆர் வாங்குவினம்?"

கோபம் வந்தது. அதற்குப் பிறகு வெட்கம் வந்தது. சுரூபத்தை எடுத்துத் துடைத்து மாடத்தில் வைத்தேன். "ஆண்டவரே, இனிப் பொய் சொல்லி விற்கமாட்டேன். வாங்குகிற ஆளை நீர் கொண்டுவாரும். இவரை எனக்குத் தாரும்" என்று செபித்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு முஸ்லிம் தம்பதி வந்தார்கள். யுத்தத்தில் மன்னாரை விட்டு வந்து, முகாமிலேயே பிள்ளைகளை வளர்த்தவர்கள். பழைய பொய் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"இந்தச் சுவர் உப்புப் பூக்கும். வருஷா வருஷம் சுரண்டிப் பூசவேணும். கிணத்துத் தண்ணி மழைக்கு நல்லம், வெயிலுக்குக் கொஞ்சம் உவர்" என்றேன்.

அந்தப் பெண் மாடத்தைப் பார்த்தாள், சுவரைத் தொட்டாள், கணவரைப் பார்த்துச் சிரித்தாள். "இதோட ஏழு ஊடு பாத்திட்டோம், அக்கா. ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லல்ல. எத நம்புறது எண்டே தெரியாம இருந்திச்சு. நீங்க குறையச் சொன்னீங்க. இனி நீங்க சொல்ற மத்ததையும் நம்பலாம்."

விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். முழு மனதோடு சம்மதித்தேன். பெரிய வெள்ளிக்கு முன்பே நொத்தாரிசிடம் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். நோய் பறந்துவிட்டது என்று பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் அவர் இருக்கிறார். அவசரமான செபத்தோடு நிற்கிற சகோதரங்களே, உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லி, நம்பிக் காத்திருங்கள். காத்திருக்கத் தெரியாத எனக்கே அவர் தந்தார்.

இதை எழுதும்போது வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறார். "றீற்றா, தேத்தண்ணி" என்கிறார். டாக்டர் சொன்ன தண்ணீர்க் கணக்கில் அரைக் கோப்பைதான் கொடுக்கலாம். ஊற்றப் போகிறேன். ஆண்டவருக்குத் தோத்திரம்.