நீச்சல்குளத்துப் படிவம்

அப்பாவின் கம்பெனி தன் ஊழியர் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு நீச்சல்குளத்தில் கூட்டு உறுப்புரிமை எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் தங்கையான சித்தி, தென்காசியில் பார்த்துவந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, என்னை வளர்க்க, மலையாள நாட்டில் இருந்த எங்கள் வலியசாலை வீட்டுக்கு வந்திருந்தாள்.

குடும்பத்துக்கு ஒரு படிவம். அப்பா கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு மற்றதை என்னிடம் விட்டார். என் எழுத்து அழகு என்று எனக்கு அப்போது ஏகப்பட்ட கர்வம். சிறுமிகளோடு உறுப்பினரான ஒரு பெண்ணும் வரவேண்டும் என்பது விதி. படிவத்திலோ நாலே கட்டங்கள்: உறுப்பினர், மனைவி, இரண்டு பிள்ளைகள். சித்திக்குக் கட்டமே இல்லை. எப்படியாவது குளத்தில் இறங்கிவிட வேண்டும் எனக்கு. காலியாகக் கிடந்த இரண்டாவது கட்டத்தில் சித்தியின் பெயரை எழுதினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

சனிக்கிழமை மூவரும் போனோம். கவுன்டரில் இருந்த சேச்சி படிவத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லிச் சித்தியிடம் பேனாவை நீட்டினாள்.

"வைஃப் இவிடெ ஒரு ஒப்பு இடணும், கேட்டோ."

சித்தி பேனாவை வாங்கிக்கொண்டு படிவத்தைப் படித்தாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அவள் கையிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தார். ஒரு கோடு போதும். மூன்று கோடு போட்டார். குழந்தை தெரியாமல் எழுதிவிட்டாள், இவள் என் மனைவியின் தங்கை என்று மலையாளத்தில் சொன்னார். அவள் மானத்தைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார், பாவம்.

"பரவால்ல அத்திம்பேர், கொழந்தைதானே" என்றாள் சித்தி.

இரண்டு வாரத்தில், பழைய வேலையே திரும்பக் கிடைத்துவிட்டதென்று சொல்லித் தென்காசிக்குக் கிளம்பினாள். பெட்டி அடுக்கும்போது, என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"உன்மேல எதுக்குடி கோவம்? உன் எழுத்து நன்னாத்தான் இருந்தது."

நான் அழுதேன். சித்திக்காக அழுகிறேன் என்று அப்பா தேற்றினார். பாதி அழுகை கிடைக்காமல் போன குளத்துக்காக என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நான் எழுதியது பிடிக்காமல்தான் அவள் போனாள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அன்று கவுன்டரை விட்டு நகரும்போது சேச்சி பேனா மூடியைக் கேட்டதும், சித்தி இடது கையை விரித்துக் கொடுத்ததும் நினைவில் இருந்துகொண்டேதான் இருந்தன. கையெழுத்துப் போட மனமில்லாதவள் மூடியைக் கழற்றியிருப்பாளா என்று கேட்டுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.