நான் வாசித்த குத்தகைப் பத்திரம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ரப்பர் பால் வாளி தூக்கினேன், லொறியில் கிளீனராகப் போனேன், பிறகு சொந்த லொறி வாங்கினேன். இன்றைக்குப் பெல்மதுளை டவுனில் என் பேரில் கடைகள் இருக்கின்றன. எங்கள் தோட்டத்தில் பிறந்த வேறு எவனும் இதைச் செய்யவில்லை. நான் சிங்களத்தில் பேரம் பேசினால் மாணிக்க வியாபாரியே இறங்கி வருவான். தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம் என்று தம்பியைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்ததும் என் லொறிச் சம்பளம்தான். இவ்வளவும் பெருமைக்குத்தான் சொல்கிறேன். மிச்சக் கதையில் அதற்கு இடம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டவுன் சந்திக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று விலைக்கு வந்தது. கீழ்மாடி முழுவதும் வாகனத்துக்குக் கடன் கொடுக்கிற ஒரு லீசிங் கம்பனி. மேலே டியூஷன் வகுப்பு, தையல் கடை, பல் டாக்டர். என் கையில் இருந்தது போதவில்லை. தம்பி தேயிலை ஃபெக்டரியில் ஓய்வு பெற்று, சேமலாபப் பணத்தை அப்போதுதான் எடுத்திருந்தான். தோட்டத்து லயத்து அறையை விட்டு வெளியே வந்து ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அவன் மனைவிக்கு ஆசை. அந்தப் பணத்தைப் போட்டுப் பங்குக்கு வா, வருகிற வாடகையிலேயே வீட்டை எழுப்பிவிடலாம் என்று சொன்னது நான்தான்.

என் மகனைக் கட்டிய மருமகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொழும்பில் கட்டடம் வாங்கி விற்கிற கம்பனியில் வேலை. வாங்குவதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று லேப்டொப்பைக் கொண்டுவந்தாள். கடைக் கட்டடங்களுக்கென்றே செய்த மென்பொருளாம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி. வாடகை என்ன, எப்போது கூடும், குத்தகை எப்போது முடியும், ஆள் போனால் எத்தனை மாதம் பூட்டிக் கிடக்கும், எல்லாம் கேட்கும். அதை வைத்துப் பத்து வருடத்துக்கு அந்தக் கட்டடம் என்ன தரும் என்று கோடு போட்டுக் காட்டும். நான் சிரித்தேன். சந்தியில் ஒரு மணி நேரம் நின்றால் எனக்கே இது தெரியும் என்றேன்.

கடைக்காரர்களின் குத்தகைப் பத்திரங்கள் எல்லாம் சிங்களத்தில். அவளுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் கொடுத்து மொழிபெயர்க்கலாம் என்றாள். நான் இருக்கும்போது நொத்தாரிஸ் எதுக்கு என்று பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

எனக்குச் சிங்களம் பேசத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது. அறுபத்தெட்டு வயது வரைக்கும் இதை யாரிடமும் சொன்னதில்லை.

விரலை வரி வரியாக ஓட்டினேன். உதட்டை அசைத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். லீசிங் கம்பனியின் பத்திரத்தில் 10 என்ற இலக்கம் கண்ணில் பட்டது. பத்து வருடம் என்றேன். அவள் தட்டினாள். பிறகு திரையில் ஒரு கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இடையிலை விட்டுப் போகலாம் எண்டு ஏதும் எழுதிக் கிடக்கோ மாமா? இது அதைக் கேக்குது."

மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவன். பத்திரத்தை அவன் பக்கம் தள்ளியிருக்கலாம். தள்ளினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"வடிவாப் பாருங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் இது நம்பும்."

பார்த்துவிட்டேன் என்றேன். திரையில் கோடு மேலே ஏறியது. தம்பி அதைப் பார்த்துக் கும்பிட்டான். அடுத்த வாரம் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

பதினான்கு மாதத்தில் லீசிங் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. நொத்தாரிஸ் வாசித்துச் சொன்னார். நாங்கள் வாங்குவதற்கு முந்திய காலத்தையும் சேர்த்து அவர்கள் வந்து மூன்று வருடம் முடிந்தால், மூன்று மாதம் முன்னால் அறிவித்துவிட்டுப் போகலாம் என்று பத்திரத்திலேயே இருக்கிறதாம். போய்விட்டார்கள். கீழ்மாடி பூட்டிக் கிடந்தது. தம்பியின் வீடு அத்திவாரத்தோடு நின்று, அதற்குள் மழைத்தண்ணீர் தேங்கியது.

எல்லோரும் கூடியிருந்த ஒரு நாள், கம்பியூட்டரை நம்பி மோசம் போனோம் என்று நான் சொன்னேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு தம்பி மனைவி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து மகன் போனில் சொன்னான். அவள் லீவு போட்டுவிட்டு, தான் எங்கே பிழையாகத் தட்டினோம் என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடிக்கொண்டிருக்கிறாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் தம்பியையும் வரச் சொல்லி, அதே மேசையில் உட்கார்ந்து சொன்னேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, சும்மா திருப்பினேன் என்று.

மருமகள் லேப்டொப்பைத் திறந்து, இடையில் விட்டுப் போகலாமா என்று கேட்ட அந்தக் கட்டத்தில் மூன்று வருடம் என்று போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் கோடு கீழே விழுந்தது. கம்பனி போன மாதத்திலேயே விழுந்தது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், வாங்குவதற்கு முன்னாலேயே கோடு விழுவதைப் பார்த்திருப்பேன். விலையைக் குறைத்துக் கேட்டிருப்பேன், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போயிருப்பேன். சந்தியில் ஒரு வருடம் நின்றாலும் அந்தக் கோடு எனக்குத் தெரிந்திருக்காது.

தம்பி ஏசுவான் என்று நினைத்தேன்.

"நீங்க பக்கத்தத் திருப்புன வேகத்தப் பாத்து, படிச்ச எனக்கே இது வராதேன்னு நெனச்சேன் அண்ணே. வீட்டுலகூடப் போய்ச் சொன்னேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை எடுத்தான். அந்த இடத்தைத் தேடி, விரல் வைத்து, மெதுவாகச் சிங்களத்தில் வாசித்தான். பிறகு தமிழில் சொன்னான். இரண்டே வரிதான்.

"மற்றதுகளையும் வாசியுங்கோ சின்ன மாமா" என்றாள் மருமகள். "கீழ்மாடியை நாலு கடையாப் பிரிச்சால் என்ன வரும் எண்டு பாப்பம்."

அவன் வாசித்தான், அவள் தட்டினாள். எனக்கு அங்கே வேலை இல்லை. நான் எழுந்து போய்ப் பிளேன்டீ போட்டேன்.